மாற்றம் தேவையில்லை

பக்கவாதம் வந்த பிறகு வால்காரர் தட்டில் பாதியைத்தான் சாப்பிட்டார். பசியில்லாமல் அல்ல. தட்டின் வலது பாதியைத் துடைத்தாற்போல் காலி செய்துவிட்டு, "இன்னிக்கு ஏன் இவ்வளவு கம்மியா வெச்சிருக்கே?" என்று மனைவியிடம் குறைப்படுவார். இடது பாதியில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

"கண்ணு முன்னாடி இருக்குதுங்க. இது என்ன, அழகுக்கு வெச்சதா?"

"எங்கே?" என்பார் அவர். நடிப்பு இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

பகலில் வந்து அவரைக் கவனித்துக்கொள்ள ஓர் அம்மாளை அமர்த்தியிருந்தார்கள். இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தவள். மனைவி அவளை அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா மூன்று நாள் இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் வந்து தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள். இடது பாதி வலது பக்கம் வந்தது.

"அட, இருக்கே" என்றார் வால்காரர். சாப்பிட்டார்.

"அவர் கண்ணுல கோளாறு இல்லைம்மா" என்றாள் அக்கா. "மூளையில அடிபட்ட இடம் அப்படி. இடப்பக்கம்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதே அவருக்கு மறந்து போச்சு. சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தட்டைத் திருப்பிட்டுப் போங்க."

இடது கையும் இடது காலும் விழுந்திருந்தன. பேச்சு குழறினாலும் புரிந்தது. புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

மறுநாள் அக்கா மனைவிக்குச் சட்டை மாட்டக் கற்றுக்கொடுத்தாள். "விழுந்த கையை முதல்ல நுழைக்கணும். இடது கை." மனைவி அவருக்கு எதிரே நின்று வலது கையைப் பிடித்தாள்.

"அது வலது."

"என் இடது இந்தப் பக்கம்தானே அக்கா?"

"உங்க இடது யாருக்கு வேணும்? எங்க வேலையில இடதுன்னா படுத்திருக்கிறவரோட இடது. எதிர்ல நிக்கிறவங்க இடது கணக்குலயே வராது. அது மாறிப் போச்சுன்னா நல்ல கால்ல கட்டு போட்டுட்டு வந்துடுவோம்."

சொல்லிவிட்டு அவள் பொத்தானைப் பூட்டக் குனிந்தாள். வால்காரர் அழுதுகொண்டிருந்தார். இந்த வியாதிக்காரர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், தும்மல் மாதிரி வந்த வேகத்தில் போய்விடும். அக்கா காத்திருந்தாள். இது போகவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் முகத்தைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வால்காரர் என்பது அவருடைய பேர் இல்லை. முப்பத்தோரு வருஷம் விமானத் தொழிற்சாலையின் வரைபட அறையில் இருந்தவர். அங்கே ஒவ்வொருவருக்கும் விமானத்தில் ஒரு பாகம். ஒருவருக்கு இறக்கை, ஒருவருக்குச் சக்கரம், இன்னொருவருக்கு இருக்கைகளுக்கு மேலே மூடும் கண்ணாடி. அவர் பங்குக்கு வால் வந்தது. பின்கோடியில் நிமிர்ந்து நிற்கும் பலகை, அதன் முதுகில் கதவுபோல் அசையும் சுக்கான், இரண்டு பக்கமும் சின்னதாய் நீளும் குட்டி இறக்கைகள். அவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் "வால் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கல்யாணமான புதிதில் மனைவி "இருக்கு, ஆட்டிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் இருந்தவர் தலைமை வடிவமைப்பாளர்.

அந்தத் தலைமை வடிவமைப்பாளரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். ஆள் என்னவோ ஐந்தடிதான். படையில் சேருகிறவர்கள் பறக்கப் பழக, நாமே ஒரு விமானம் செய்வோம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். அதுவரை வெளியிலிருந்து வாங்கிய, துணி போர்த்திய பழைய விமானங்களில்தான் பயிற்சி நடந்தது. உதிரிபாகம் கிடைக்காமல் மூன்றைப் பிரித்து ஒன்றைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஒன்றரை வருஷம் வரையவே இல்லை. சண்டைதான் போட்டார்கள். கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதா, முன்னும் பின்னுமா? பக்கத்தில் இருந்தால் பழகுகிறவனின் கை நடுங்குவது தெரியும். முன்னும் பின்னும் என்றால், தான் தனியாகப் பறக்கிறோம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு வரும். நாளைக்குச் சண்டை விமானத்தில் அவன் தனியாகத்தான் இருக்கப்போகிறான். கடைசியில் முன்னும் பின்னும் என்று முடிவாகி, பின்னால் இருப்பவருக்குப் பாதை தெரிய அவருடைய இருக்கையை ஒரு சாண் உயர்த்தினார்கள். ஒட்டுப்பலகையில் முழு அளவில் ஒரு மாதிரி செய்து நெட்டை, குட்டை, தொந்தி எல்லாரையும் ஏற்றி உட்கார வைத்தார்கள். கணக்குப் பிரிவுத் தலைவர் உள்ளே மாட்டிக்கொள்ள, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. அப்படித்தான் அந்தச் சட்டம் மூன்று அங்குலம் அகலமானது.

ஜெட் யுகத்தில் எதற்கு விசிறி வைத்த விமானம் என்று மேலிடத்தில் கேட்டார்கள். பெரியவர் சொன்ன பதிலை வரைபட அறையில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: "ஜெட் நேரா போகும். நேரா போறதுல என்ன படிப்பு இருக்கு? விசிறி ஒரு பக்கமா இழுக்கும். அதைக் காலால பிடிச்சு நேராக்கத் தெரிஞ்சவன்தான் பைலட்."

இந்த இழுப்புதான் கதைக்கு வேண்டியது. மூக்கில் சுழலும் விசிறி காற்றை நேராகப் பின்னால் தள்ளுவதில்லை. திருகித் தள்ளும். அந்தத் திருகிய காற்று உடம்பைச் சுற்றி வந்து நிமிர்ந்த வாலில் ஒரு பக்கமாக மோதும். இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது விசிறி வலச்சுற்றாகச் சுற்றினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். ஓட்டுகிறவர் வலது காலை மிதித்துப் பிடிக்க வேண்டும். முழுப் பலத்தையும் காலிலேயே போட முடியாது என்பதால் வாலை நட்டநடுவில் நிறுத்தாமல், அதன் முன்விளிம்பைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைப்பார்கள். ஒன்றரை டிகிரி. கண்ணால் பார்த்தால் தெரியாது. அந்த ஒன்றரை டிகிரி வால்காரர் போட்டது. விமானம் முதல் தடவை பறந்து இறங்கிய அன்று சோதனை விமானி நேராக வரைபட அறைக்கு வந்து, "யாருப்பா வால்?" என்று கேட்டார். இவர் எழுந்து நின்றார். "கால் வலிக்கவே இல்லை" என்றார் விமானி. இவரை விடப் பத்து வயது மூத்தவர். கேப்டன் என்று கூப்பிடுவார்கள். வால்காரர் அன்று மூன்று தடவை தேநீர் குடித்தார். மூன்று தடவையும் அதையே சொன்னார்.

தரையில் ஓடும்போது பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிப் போவதால் பட்டறைக்காரர்கள் அந்த விமானத்துக்கு வாத்து என்று பேர் வைத்தார்கள். தாளில் அதற்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தன. யாரும் அதைச் சொல்லவில்லை.

அறுபது வாத்து செய்து முடித்த நேரத்தில், எஞ்சின் தந்துகொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. வேறோர் இடத்திலிருந்து வேறோர் எஞ்சின் வந்தது. பலம் அதிகம், எடை குறைவு. ஒவ்வொரு பாகத்துக்காரரும் புது எஞ்சினின் விவரத்தாளைப் பார்த்துத் தன் பாகத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று எழுத வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. வரைபட அறைக்காரர்கள் விமானத்தை எப்போதும் வாலிலிருந்து மூக்கை நோக்கிப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு இடது என்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவருடைய இடது. எஞ்சின் பட்டறைக்காரர்கள் விசிறிக்கு எதிரே நின்று வேலை செய்பவர்கள். அவர்களுக்கு இடது என்றால் தங்கள் இடது. இரண்டுக்கும் நடுவில் கேன்டீன். அங்கே யாராவது "இடப்பக்க மேஜையில உப்பு இருக்கா?" என்றால், "எந்த இடது? மூக்கு இடதா, வால் இடதா?" என்று பதில் வரும். இருபது வருஷமாக அதே பதில். இருபது வருஷமாகச் சிரித்தார்கள்.

விவரத்தாளில் சுழற்சி என்ற இடத்தில் வலச்சுற்று என்று இருந்தது. வால்காரர் படித்தார். பழைய எஞ்சினும் வலச்சுற்று. வாலுக்கு வேலை இல்லை. பலம் கூடியதால் அரை டிகிரி சேர்க்கலாமா என்று யோசித்து, பறந்து பார்த்த பிறகு சேர்ப்போம் என்று விட்டுவிட்டார். கட்டத்தில் மாற்றம் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷ வேலை.

எஞ்சின்காரர்கள் எழுதிய தாள் அது. வலச்சுற்று என்பதன் கீழே எறும்பு அளவு எழுத்தில் 'முன்னால் நின்று பார்க்கையில்' என்று இருந்தது.

புது விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். கேப்டனுக்கும் தெரியும். இனி மூக்கு வலப்பக்கம் இழுக்கும், இடது கால்தான் மிதிக்க வேண்டும் என்று ஒரு வாரம் தரையிலேயே உட்கார்ந்து காலைப் பழக்கினார். வாலை அதற்கேற்ப வலப்பக்கம் திருப்பியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வால்காரருக்கு இருக்கும் பேர் அப்படி. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. காற்று வேகமாக அடித்தால்தான் வால் வாயைத் திறக்கும்.

திறந்தது. புது எஞ்சினோடு முதல் தடவை எழும்ப ஓடியபோது, ஓடுபாதையில் பாதி தூரம்கூடப் போகவில்லை. விசிறியின் இழுப்பை எதிர்க்க வேண்டிய வால், அதோடு சேர்ந்துகொண்டு தள்ளியது. வலப்பக்கத்துக் காற்று வேறு. கேப்டன் இடது காலை முழுக்க மிதித்தார். வாத்து வலப்பக்கம் பாதையை விட்டு இறங்கி, மழைநீர்க் கால்வாயில் சக்கரம் ஒடிந்து குப்புற விழுந்தது. பின் இருக்கையில் யாரும் இல்லை. கேப்டனின் இடது கால் மூன்று இடத்தில் நொறுங்கியது.

விசாரணை நடந்தது. வால் சப்பளிந்து போயிருந்தது. உள்ளே வலது மிதி முன்னால் போயிருந்தது. அடியில் அப்படி நசுங்கியிருக்கலாம். ஆனால் அதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. பழைய எஞ்சினில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வலது காலையே மிதித்துப் பழகிய விமானி, பழக்கதோஷத்தில் கால் மாறி மிதித்துவிட்டார் என்று எழுதினார்கள். நான் இடது காலைத்தான் மிதித்தேன் என்று கேப்டன் படுக்கையிலிருந்து சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

விசாரணை முடிந்து பதினோராவது நாள் வால்காரர் ஒரு தாளில் கையெழுத்து வாங்க எஞ்சின் பட்டறைக்குப் போனார். அடுத்த எஞ்சின் தாங்கியில் நின்றது. அங்கே ஒரு மிஸ்திரி, எதைச் சொன்னாலும் சாக்பீஸால் வரைந்துதான் சொல்வார், சாக்பீஸ் என்றே பேர். அவர் விசிறியின் மூக்குக் கூம்பில் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்.

"என்ன வாலு, மூக்குப் பக்கம் வழி தெரிஞ்சு வந்துட்டே?"

வால்காரர் அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு எஞ்சினைச் சுற்றிப் பின்னால் போய் நின்று பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார்.

"இது இப்படியா சுத்தும்?"

"பின்னே எப்படி? வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் சுத்துது. ஏன், உங்க தாள்ல இல்லையா?"

"இருக்கு" என்றார் வால்காரர்.

அறைக்குத் திரும்பி விவரத்தாளை எடுத்தார். எறும்பு எழுத்தைப் படித்தார். கதவைச் சாத்தினார். பெரியவரிடம் போக எழுந்தார். தாழ்வாரத்தில் பாதி தூரம் போனார். மேலிடத்தில் வாத்தையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த வாரம் அது. விமானியின் தப்பு என்றால் வாத்து பிழைக்கும். விமானத்தின் தப்பு என்றால் அறுநூறு பேர் வேலையும் பெரியவரின் பதினைந்து வருஷமும் போகும். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். திரும்பி வந்து, புது எஞ்சின் போடவிருந்த இரண்டாவது விமானத்துக்கு வாலை வலப்பக்கம் இரண்டு டிகிரி திருப்பி ஒரு வரைபடம் போட்டார். காரணம் என்ற கட்டத்தில் பொதுவான மேம்பாடு என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.

அதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டாவது வாத்து, வேறொரு விமானி கையில், கோடு போட்டாற்போல் நேராக ஓடி எழும்பியது. "பாருங்க, இதே எஞ்சின், இதே வாத்து. எப்படிப் போகுது" என்றார்கள். கேப்டன் மேல் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது. கால்மாறி என்று யாரோ பேர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது. அவர் அதன் பிறகு பறக்கவில்லை. கிடங்கில் ஒரு மேஜை கொடுத்தார்கள். நொண்டிக்கொண்டு வந்து பதினோரு வருஷம் உட்கார்ந்தார்.

முந்நூறுக்கும் மேல் வாத்து செய்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அதில் பறக்கக் கற்றார்கள். வால்காரர் கிடங்குப் பக்கம் போக வேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்புவார். கேன்டீனில் கைத்தடிச் சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுவார். கேப்டன் ஓய்வுபெற்ற அன்று லீவு போட்டார். இப்படி முப்பது வருஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "கேப்டன் அண்ணன் பேசினார். உங்களுக்கு உடம்பு முடியலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுதாம். ஞாயித்துக்கிழமை வர்றாராம்."

"வேண்டாம்னு சொல்லு."

"வாங்கன்னு சொல்லிட்டேன். எண்பது வயசுல தடி ஊனிக்கிட்டு வர்றேங்கிறவரை எப்படிங்க வராதேன்னு சொல்றது? அந்த மனுஷனைக் கண்டா நீங்க ஏன் இப்படி ஒதுங்குறீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை."

அவர் சுவரைப் பார்த்தார். திரும்பிப் படுக்கவும் இன்னொருவர் வர வேண்டும். இனி எழுந்து போய்விட முடியாது.

சனிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தார். நாக்கு குழறும் இடங்களைத் தவிர்த்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்து வைத்துக்கொண்டார். அக்கா கஞ்சி புகட்டும்போது அவர் உதடு தானாக அசைந்தது.

"என்ன ஐயா, பரீட்சையா?"

"நாளைக்கு" என்றார்.

"அப்போ இன்னிக்கு ஒழுங்கா முழுங்குங்க. புரையேறினா பரீட்சை எழுத முடியாது."

ஞாயிறு பத்தரைக்குக் கைத்தடிச் சத்தம் படியேறி வந்தது. கேப்டன் மெலிந்திருந்தார். தோள் மட்டும் பழைய அகலம். நாற்காலியைக் கட்டிலுக்கு இடப்பக்கம் இழுத்துப் போட்டார்.

"அந்தப் பக்கம் உக்காந்தா அவருக்கு நீங்க இருக்கிறதே தெரியாது. இப்படி வாங்க" என்று அக்கா நாற்காலியை வலப்பக்கம் மாற்றினாள்.

"என்ன வால்காரரே, உமக்கும் இடதா?" என்றார் கேப்டன். "எனக்கும் இடதுதான். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு நல்ல ஜோடிகூடத் தேறாது போலிருக்கே. ரெண்டும் வலதா இருக்கும்."

மனைவி சிரித்தாள். தேநீர் வைக்கப் போனாள். கேப்டன் தடியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"நான் எதுக்கு வந்தேன்னா, ரொம்ப நாளா ஒரு விஷயம். நீங்க என்னைக் கண்டா விலகிப் போவீங்க. எனக்குக் கோபமில்லை. யாரா இருந்தாலும் அப்படித்தான். முதல் வாத்துல நீங்க அவ்வளவு நல்லா வால் போட்டுக் கொடுத்தீங்க. புது எஞ்சின் வாத்தை நான் கால் மாறி மிதிச்சு உடைச்சுட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலை. போறதுக்கு முன்னாடி கேட்டுடணும்னு வந்தேன்."

ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. வால்காரர் வாயைத் திறந்தார். எச்சில் வழிந்தது. அக்கா துடைத்தாள்.

"வால்" என்றார். "வால்தான் தப்பு. நான்."

"என்ன?"

"திருப்பலை. வாலைத் திருப்பலை. விசிறி மாறிச்சு. நான் மாத்தலை."

கேப்டன் முன்னால் குனிந்தார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. விவரத்தாள், எறும்பு எழுத்து, சாக்பீஸின் அம்புக்குறி, பொதுவான மேம்பாடு. கால் மணி நேரம் ஆயிற்று. தேநீரோடு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எத்தனை டிகிரி?" என்று கேட்டார் கேப்டன்.

"ஒன்றரை. இடப்பக்கம். இருந்திருக்க வேண்டியது வலப்பக்கம் ரெண்டு."

"அப்போ மூணரை." அவருடைய வலது கை தடியின் பிடியில் எதையோ எண்ணியது. "மூணரையை எந்தக் கால் பிடிக்கும்?" "நான் இடதைத்தான் மிதிச்சேன்" என்றார். "விசாரணையில சொன்னேன். ஒரு வருஷம் சொன்னேன். அப்புறம் அந்த ரெண்டாவது வாத்து நேரா போச்சு பாருங்க, அன்னிலேர்ந்து எனக்கே சந்தேகம். கனவுல ஒரு நாள் இடதை மிதிப்பேன், ஒரு நாள் வலதை மிதிப்பேன். என் வீட்டுக்காரி சாகிற வரைக்கும் என்னை நம்பினா. நான்தான் நம்பலை."

கேப்டன் நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே இழுத்தார்.

"ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"வாத்தை நிறுத்திடுவாங்கன்னு."

"அது அந்த வாரம். அடுத்த வருஷம்? வாத்து பிழைச்ச பிறகு?"

"அப்புறம்... நாளாயிடுச்சு. நாளானதே காரணமாயிடுச்சு."

கேப்டன் தலையாட்டினார். ஒப்புக்கொண்ட தலையாட்டல் இல்லை. கணக்கு எங்கே இடித்தது என்று தெரிந்துகொண்டவருடைய தலையாட்டல். "மன்னிச்சேன்னு சொல்லுவேன்னு பார்க்குறீங்களா?"

"இல்லை."

"நல்லது. எனக்கு வரலை." அவர் அக்காவிடம் திரும்பினார். "தாள் இருக்காம்மா? இதை அவர் கையால வரைஞ்சு கொடுக்கச் சொல்லுங்க. கையெழுத்தோட."

அக்கா ஒரு பலகையில் தாளை வைத்து, பலகையை அவர் மடியில் வைத்தாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பென்சில் பிடித்ததும் கோடு நடுங்காமல் வந்தது. வாத்தின் உடம்பு, வலது இறக்கை, வலது குட்டி இறக்கை, வாலின் பலகை, அதன் கோணம். வரைந்து முடித்தேன் என்று பென்சிலை வைத்தார். தாளின் இடது பாதி வெறுமையாக இருந்தது. வாத்துக்கு ஒரே இறக்கை.

கேப்டன் பார்த்தார். "இது என்ன, பாதி உண்மையா?"

"இருங்க" என்றாள் அக்கா. தாளை அரை வட்டம் திருப்பினாள்.

வால்காரர் குனிந்து பார்த்தார். "அட" என்றார். தலைகீழாக இருந்த படத்தில் மற்ற இறக்கையை வரைந்தார். அக்கா தாளை மறுபடி நேராக்கினாள். விசிறியில் அம்புக்குறி போட்டார். அதன் கீழே, எறும்பு எழுத்தாக அல்ல, கொட்டை எழுத்தில் 'பின்னாலிருந்து பார்க்கையில்' என்று எழுதினார். அதற்கும் கீழே, புது எஞ்சின் போட்ட முதல் விமானத்தில் வால் தவறான பக்கம் திருப்பப்பட்டிருந்தது, விமானி சரியான காலையே மிதித்தார், தவறு வரைந்தவருடையது. கையெழுத்து. தேதி.

கேப்டன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமல் எழுந்தார். மனைவி படிவரை போய், "அண்ணே" என்றாள். "உங்களுக்கும் தெரியாது இல்லைம்மா?" என்று அவர் கேட்டார். "தெரியாதுண்ணே." கைத்தடிச் சத்தம் இறங்கிப் போயிற்று.

அன்று முழுக்க மனைவி அவரோடு பேசவில்லை. வேளைக்கு மருந்து கொடுத்தாள், படுக்கையில் புரட்டிவிட்டாள், இடுப்பில் புண் வருகிறதா என்று பார்த்தாள். சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். தட்டைத் திருப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. பாதிச் சாப்பாட்டோடு தூங்கினார். மறுநாள் அக்கா, "கோபம் இருந்தா திட்டுங்கம்மா. தட்டைத் திருப்பிட்டுத் திட்டுங்க" என்றாள். மனைவி திருப்பினாள். திட்டவும் செய்தாள். முப்பது வருஷத்துக்கு உண்டானதை ஒரே மூச்சில் திட்டினாள்.

பத்து நாள் கழித்துக் கேப்டன் போன் செய்தார். மனைவிதான் எடுத்தாள். அவர் தாளை எடுத்துக்கொண்டு மூன்று ஆபீஸ் ஏறி இறங்கியிருந்தார். விசாரணை செய்த பிரிவே இப்போது இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட பைல்களை எரித்தாயிற்றாம். வாத்தும் பறப்பதில்லை. கடைசி ஒன்றை எங்கோ வாசலில் கம்பத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்களாம். தாளை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, இதை எதில் சேர்ப்பது என்று நிஜமாகவே தெரியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கால்மாறி என்று கூப்பிட்டவர்களிலும் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள்.

"இருக்கட்டும்மா, தாள் என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "அவர்கிட்ட கொஞ்சம் கொடுங்க."

மனைவி போனை அவருடைய வலது காதில் வைத்தாள்.

"வால்காரரே, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நான் எந்தக் காலை மிதிச்சேன்?"

"இடது."

"எந்த இடது?"

கேன்டீன் வேடிக்கை. இருபது வருஷம் சிரித்தது. இருவரும் சிரிக்கவில்லை.

"உங்க இடது" என்றார் வால்காரர். "உள்ளே உக்காந்திருக்கிறவரோட இடது."

கேப்டன் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பத்தரைக்கு மறுபடி போன் மணி அடித்தது. கேப்டன் நலமா என்று கேட்கவில்லை. அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும். மனைவி இப்போதெல்லாம் போனை எடுத்துப் பேசுவதுகூட இல்லை. மணி அடித்ததும் நேராக அவர் காதில் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் சொல்லி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு தட்டைத் திருப்பி வைக்கிறாள்.